அம்மா சொன்ன சாட்சி

சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் போர்ஷன் முழுக்கப் பன்னீர் திராட்சை கொதிக்கும் வாசனைதான். காம்பு கிள்ளி, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, அலுமினியக் குண்டானில் போட்டு, தோல் வெடித்துச் சாறு இறங்கும்வரை அப்பா அடுப்பை விட்டு நகரவே மாட்டார். வாரம் முழுக்க ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து, நகக்கண்ணெல்லாம் மை ஏறிய அவர் கை, அந்த ஒரு சாயங்காலம் மட்டும் சுத்தமாக, திராட்சை மணத்தோடு இருக்கும். வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி, மறுநாள் காலை சபையில் எல்லோரும் அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் 'பந்தி'க்கு எடுத்துப் போவார். கடையில் விற்கும் திராட்சை ரசம் உலகத்தாருடையது என்பதால் சபைக்குள் வரக்கூடாது. நம்மவர் கையால் நம்மவர் வீட்டில் காய்ச்சியதாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு அப்பாவிடம் இருந்தது. எனக்கு அதில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. துணியில் தங்கிய சக்கையில் சர்க்கரை தூவி அம்மா எனக்குக் கொடுப்பாள், அதுவும் அப்பா அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது.

எங்கள் சபைக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் அதுவும் உலகத்தில் உள்ள பல பிரிவுகளில் ஒன்றாகிவிடுமாம். ஆகவே வெறும் 'சபை'. தேனாம்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் அது கூடியது. சுவரில் சிலுவை இருக்காது, படம் இருக்காது, ஒரு கடிகாரம் மட்டும் இருக்கும். முன்வரிசைப் பெஞ்சுகள் 'ஐக்கியத்தில்' இருப்பவர்களுக்கு. கடைசிப் பெஞ்சு, இன்னும் ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்கும், ஏதோ தவறு செய்து 'விலக்கி' வைக்கப்பட்டவர்களுக்கும். நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னாலிருந்த சந்திலிருந்து ஞாயிறு காலை நடந்தே அங்கே போவோம், வழியில் எத்தனையோ கோயில் மணிகளைக் கேட்டுக்கொண்டு, அவை எல்லாமே வீணாக அடிக்கின்றன என்ற நிச்சயத்தோடு.

அந்த நிச்சயத்தை எங்களுக்குக் கொடுத்தவர் மூப்பர் தவமணி. சபைக்குப் பாதிரியார் கிடையாது, மூப்பர்தான் எல்லாம். வெள்ளைச் சட்டையை மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, மெதுவான குரலில் பேசுவார். கத்திப் பேசுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் பிரசங்கத்தில் அடிவாங்க ஒரு சபையின் முறை. கத்தோலிக்கர் என்றால் 'பாபிலோன்', சிலைக்காரர்கள். அங்கி போட்ட பாதிரி ஐயர்மாரை வைத்திருக்கும் சபைகள் 'வெதுவெதுப்பு'. கைதட்டி, டிரம்ஸ் அடித்துப் பாடுகிறவர்கள் 'அந்நிய அக்கினி'. இவர்களையெல்லாம் ஏதோ பரிதாபப்பட்டு விட்டுவிடுவார். ஆதம்பாக்கத்தில் எங்களைப் போலவே பெயரில்லாமல், எங்களைப் போலவே சிலுவையில்லாத அறையில் கூடி, எங்கள் பாட்டுகளையே பாடிய இன்னொரு சிறு கூட்டம் இருந்தது. அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால்தான் மூப்பரின் மெதுவான குரல் நடுங்கும். தூரத்தில் இருப்பவனைவிட அடுத்த வீட்டுக்காரன்மேல்தான் அவருக்கு அதிக எரிச்சல்.

குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனைப் பற்றியோ, வேலைக்காரனுக்குச் சம்பளம் கொடுக்காமல் ஏய்ப்பவனைப் பற்றியோ அவர் ஒரு முறையாவது பிரசங்கித்து நான் கேட்டதில்லை. ஊரில் உள்ள மற்ற கிறிஸ்தவர்கள் எப்படித் தப்பாகக் கும்பிடுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு வாய்ப்பாடு மனப்பாடமாகும் முன்பே மனப்பாடமாகிவிட்டது. என் வயதில் பள்ளியில் மற்ற பிள்ளைகள் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருக்க, நான் மதிய உணவு இடைவேளையில் ஒரு கத்தோலிக்கப் பெண்ணிடம் அவள் கழுத்து ஜெபமாலை ஏன் நரகத்துக்கு இட்டுச்செல்லும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் என்னோடு ஏன் டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்ளப் போகிறாள்? கிறிஸ்துமஸ் எங்களுக்குக் கிடையாது, அது புறஜாதிப் பண்டிகையாம், கிறிஸ்துவை அறியாதவர்கள் கொண்டாடியதாம். உறவினர் கல்யாணம் வேறு சபையில் நடந்தால் போகக்கூடாது. போனாலும் சாப்பிடக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் எங்களுக்கு மனிதர்கள் என்று மிஞ்சியது டயர் கடை மாடியில் இருந்த சில குடும்பங்கள்தாம். அதைத்தான் அவர்கள் 'வேறுபாட்டின் ஜீவியம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இதில் அம்மா எப்படி வந்து மாட்டினாள் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மா மயிலாப்பூர்க் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பெயர் ஆரோக்கியமேரி. அவளுக்கு ஒரே அக்கா, செலின் பெரியம்மா, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளியில் டீச்சர். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் அம்மாவை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்ததெல்லாம் பெரியம்மாதான். கட்டிக்கொடுத்த இடத்தில் அப்பா குடிகாரராக இருந்தார். நான் பிறந்த சமயத்தில் யாரோ ஒருவர் அவரைக் கையைப் பிடித்துச் சபைக்குக் கூட்டிவந்தார்; அப்பா குடியை விட்டார். இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த மாடியில்தான் விட்டார். அதனால் அந்த மாடிப்படியை விட்டுக் கீழே இறங்கினால் நேராகச் சாராயக் கடையில்தான் போய் நிற்போம் என்று கடைசிவரை நம்பினார். அவரோடு அம்மாவும் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தாள், ஏனென்றால் குழந்தையில் தலையில் ஊற்றிய தண்ணீர் கணக்கில் சேராது. பெயரையும் 'சகோதரி மரியாள்' என்று மாற்றிவிட்டார்கள். வீட்டில் மட்டும் அப்பா 'மேரி' என்றே கூப்பிட்டார்.

பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா மரியாதையாக நாற்காலி போடுவார், ஆனால் ஜெபிக்கச் சொல்ல மாட்டார். டிசம்பரில் பெரியம்மா தன் மகன் அருள் அண்ணனிடம் அச்சுமுறுக்கும் கேக்கும் கொடுத்தனுப்புவாள். "சிலைக்குப் படைச்சது, வேணாம்" என்று அப்பா திருப்பி அனுப்பிய ஒரு வருஷம் பெரியம்மாவே கிளம்பி வந்து, வாசலில் நின்றுகொண்டே, "இன்னாப்பா, மாவு பெசஞ்சது நானு, சுட்டது நானு, எந்தச் சிலை வந்து எண்ணெ ஊத்திச்சு?" என்று கேட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வாங்கிக்கொள்ளவில்லை. அதன்பிறகு அக்காவும் தங்கையும் குளத்தங்கரைக் காய்கறிக் கடைகளுக்கு நடுவே சந்தித்துக்கொள்வார்கள், ஆளுக்கொரு கூடையோடு. அப்பாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார், அந்த அளவுக்கு அவர் நல்லவர்.

நான் ஐந்தாவது படித்தபோது பெரியம்மா செத்துப்போனாள். மஞ்சள்காமாலை என்றார்கள், அதற்குள் முடிந்துவிட்டது. அப்பா மூப்பரிடம் ஓடிப் போய் அனுமதி கேட்டு வந்தார். வீட்டுக்குப் போகலாம், முகம் பார்க்கலாம், அழலாம். ஆனால் பிரேதம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் போனதும் நீங்கள் வெளியே நின்றுவிட வேண்டும். வளர்த்தவளை அடக்கம் செய்வதற்கும் ஒரு எல்லைக்கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கோயில் வாசல்வரை எல்லோரும் நடந்தோம். கேட்டுக்கு வெளியே, எதிர்ப்பக்கம் ஒரு பெட்டிக்கடை நிழலில் அப்பா ஒதுங்கி நின்றுகொண்டார். அம்மாவும் நின்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் படியேறி உள்ளே மறைந்ததும், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று அவர்கள் பின்னால் போய்விட்டாள். அப்பா "மேரி" என்று ஒரு தடவை கூப்பிட்டார். பாபிலோனுக்குள் கால் வைத்ததும் தரை பிளக்கும் என்றுதான் நினைத்தேன். தரை மொசைக் தரையாக, குளிர்ச்சியாக இருந்தது.

அதுவரை அம்மா அழுத அழுகையைப் பார்த்தால் அவளும் கூடவே போய்விடுவாள் என்று தோன்றும். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாமியார் பெரியம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார், அலங்காரம் எதுவுமில்லாத சாதாரண ஜெபம். பாதியில் அம்மாவின் விசும்பல் நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். முகம் அப்படியே தெளிந்துபோயிருந்தது. ஜெபம் முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து "ஆமென்" என்றாள். கல்லறை வரைக்கும் போய், ஒரு பிடி மண்ணும் போட்டு, அமைதியாகத் திரும்பிவந்தாள். அன்று ராத்திரி சோறு சாப்பிட்டாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா பரிமாறி.

அதோடு விட்டிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. அப்பா காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் அம்மாவுக்குக் கள்ளம் தெரியாது. சபையில் ஞாயிறு சாயங்காலம் 'சாட்சி வேளை' என்று ஒன்று உண்டு. அந்த வாரம் தேவன் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்ல வேண்டும், பெண்களும் முக்காடு போட்டுக்கொண்டு ஓரிரு வாக்கியம் சொல்லலாம், முடித்ததும் சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, பஸ்ஸில் பர்ஸ் தப்பியது என்றெல்லாம் சொல்வார்கள். சபை இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததை அம்மா அப்படியே நம்பினாள்: தேவன் செய்ததை மறைக்கக்கூடாது.

எழுந்து நின்று சொன்னாள்: "எங்க அக்காவ அடக்கம் பண்ண அன்னிக்கு நான் கோயிலுக்குள்ள போனேன். எனக்குத் தாங்க முடியல. ஃபாதர் ஜெபம் பண்ணிக்கினு இருந்தப்போ கர்த்தர் என் பக்கத்துல வந்து நின்னாரு. என் அழுகைய நிறுத்தினாரு. அவருக்கு ஸ்தோத்திரம்."

சொல்லிவிட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்தாள். நான் பழக்கதோஷத்தில் "ஸ்தோ" என்று ஆரம்பித்து விழுங்கினேன், ஏனென்றால் வேறு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கீழே டயர் கடையில் காற்றுப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் மூப்பர் இரண்டு சகோதரர்களோடு வீட்டுக்கு வந்தார். கீழ்ப் போர்ஷன் நூர்ஜஹான் ஆன்ட்டி வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டோம். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். மூன்று டம்ளர்களும் ஆடை கட்டி ஆறிப்போகும்வரை அவர்கள் தொடவே இல்லை. மூப்பர் தன் மெதுவான குரலில் சொன்னார்: "சகோதரி, நீங்க அங்க போனது பலவீனம். அத மன்னிக்கலாம். ஆனா தேவன் அங்க வந்தார்னு சபையில எழும்பிச் சொல்லிட்டீங்க. அவர் அங்கயே வருவார்னா, நாம எல்லாரும் எதுக்கு இங்க வந்தோம்?"

இன்றுவரை நான் கேட்ட பிரசங்கங்களிலேயே உண்மையான வாக்கியம் அதுதான். அவ்வளவுதான் விஷயம். தேவன் இன்னொரு வாசலிலும் நுழைவார் என்றால் இவர்கள் கடைக்கு ஆள் வராது.

அம்மா சுவரோரம் நின்றபடி, "போனது தப்புன்னு சொல்லச் சொல்லுங்க ஐயா, சொல்றேன். ஆமென் சொன்னது தப்புன்னாலும் சொல்றேன். வந்தவர வரலன்னு எப்படி ஐயா சொல்றது?" என்றாள்.

"வந்தது அவர் இல்ல. அது வேற ஒண்ணு" என்றார் மூப்பர்.

வளர்த்த அக்காவின் பிரேதத்துக்கு முன் நின்று அழுத ஒருத்தியிடம், உனக்கு ஆறுதல் சொன்னது பிசாசு என்று சொல்லிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த கோபம் இத்தனை வருஷத்தில் ஒரு துளியும் குறையவில்லை. குறைக்க நான் முயலவும் இல்லை.

அம்மாவை விலக்கி வைத்தார்கள். சபையில் கடைசிப் பெஞ்சு. யாரும் அவளைப் பார்த்து வணக்கமாகக்கூட ஸ்தோத்திரம் சொல்லக்கூடாது. ஐக்கியத்தில் இருப்பவர்கள் அவளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. ஐக்கியத்தில் இருப்பவர்களில் அப்பாவும் ஒருவர்.

எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் ஒரே கோரைப்பாய்தான். அப்பா, அம்மா, நான், நடுவில் சட்டி. அம்மா உட்காராமல் அப்பா சோற்றில் கை வைக்க மாட்டார். குடியை விட்ட பிறகு வந்த பழக்கம் அது, அம்மா பட்டதற்கெல்லாம் அவர் செய்த பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது என்ன செய்வது? அப்பா யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இன்னொரு பாய் வாங்கிவந்தார். இரண்டு பாயையும் ஒரு முழம் இடைவெளி விட்டு விரித்தார். ஒன்றில் அவர், மற்றதில் அம்மா. ஒரே நேரத்தில் சாப்பிடலாம், ஆனால் 'ஒன்றாக' அல்ல. ஞானஸ்நானம் எடுக்காததால் நான் எந்தக் கணக்கிலும் வரவில்லை. எந்தப் பாயிலும் உட்காரலாம். அப்பா தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்து என்னிடம் கொடுப்பார், நான் அதை அம்மா தட்டில் வைப்பேன். அம்மா சிரிப்பாள். அப்பாவும் கொஞ்சம் சிரிப்பார்.

அதையும் சபை பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் மூப்பர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றார். இரண்டு பாய்களையும், நடுவில் இருந்த ஒரு முழத்தையும் பார்த்தார். "சகோதரரே, தேவனோட கண்ணுல மண்ணத் தூவ முடியாது" என்றார். அதற்குப் பிறகு அம்மா அடுப்படியில், கதவைச் சாத்திக்கொண்டு, நாங்கள் முடித்த பிறகு சாப்பிட்டாள். இரண்டாவது பாயைச் சுருட்டி நூர்ஜஹான் ஆன்ட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். புதுப் பாயை எதற்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட ஆன்ட்டி, "இன்னாம்மா இது அநியாயம், நாங்க ரம்ஜானுக்கு பிரியாணி குடுத்தா உங்க வூட்டுக்காரரு வாங்கிக்கிறாரு, கட்டின பொண்டாட்டி கூட உக்காந்து துன்னக் கூடாதா?" என்று கேட்டாள். அவளுக்குப் புரியவில்லை. புறஜாதியாரோடு சாப்பிடலாம், அவர்களுக்குத் தெரியாது; தெரிந்தும் தவறியவளோடுதான் சாப்பிடக்கூடாது என்று நான் அவளுக்கு விளக்கினேன். எனக்கு அது தெளிவாக விளங்கியிருந்தது என்பதுதான் பயங்கரம்.

மழைக்காலம் வந்து போயிற்று. அம்மா அசையவில்லை. ஞாயிறுதோறும் கடைசிப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பாட்டும் பாடினாள். யாராவது அவளைப் பார்த்துத் தலையசைத்தால் அவள் பதிலுக்கு அசைப்பாள். அவளாக யாரையும் சங்கடப்படுத்த மாட்டாள். கேட்டால், "அது வந்தது நெஜம்டி. நான் இன்னா பண்றது?" என்பாள்.

அவளை அசைக்க முடியாது என்று தெரிந்ததும் அப்பாவைப் பிடித்தார்கள். வீட்டை நடத்தத் தெரியாதவர் கர்த்தருடைய பந்திக்கு ஆயத்தம் செய்யத் தகுதியில்லை என்று சொல்லி, திராட்சை காய்ச்சும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். ஒரு காலத்தில் சாராய பாட்டிலைப் பிடித்த கையில் கர்த்தருடைய பாட்டிலைக் கொடுத்தார்கள் என்பதுதான் அப்பாவுக்குத் தன்னைப் பற்றி இருந்த ஒரே பெருமை. அதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று மூப்பருக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா வேலைவிட்டு வரும்போது, பழக்கத்தில், குளத்தங்கரையில் திராட்சை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. பையோடு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை. அம்மா உள்ளிருந்து வந்து பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு நான் சொல்லிடறேங்க" என்றாள்.

"வேணாம் மேரி" என்று அப்பா சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பாவை நான் ரொம்ப நேசித்தேன், இப்போதும்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததற்காக அவரை நான் மன்னிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா கடைசிப் பெஞ்சில் எழுந்து நின்றாள். "அன்னிக்கு எனக்கு வந்த ஆறுதல் கர்த்தர் குடுத்தது இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள். முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, மறுபடி சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் மூப்பர். மறுபடி சொன்னாள். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்று முழங்கியது. நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு பெரிய ஸ்தோத்திரம் கேட்டதில்லை. மூப்பரின் மனைவி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். காணாமல்போன ஆடு கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர்களுக்கு. அன்றிரவு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா எப்போதும்போலச் சாப்பிட்டாள், எப்போதும்போல எனக்கு முள் எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் சாட்சி சொல்ல எழுந்ததே இல்லை. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஒன்றிரண்டு வருஷத்துக்குள் சபை உடைந்தது. காரணம் கிண்ணம். பந்தியில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிப்பது வழக்கம். ஒரு சகோதரருக்குக் காசநோய் என்று தெரிந்ததும், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வைக்கலாமே என்று பலர் கேட்டார்கள். ஒரே கிண்ணம்தான், வியாதிக்குப் பயப்படுகிறவன் விசுவாசி அல்ல என்றார் மூப்பர். பெரும்பான்மை சின்னக் கிண்ணத்துக்கு வாக்களித்து மூப்பரையே விலக்கியது. அவர் தன் கூட்டத்தோடு தனியே போனார். அதன்பிறகு இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் திட்டுவதிலேயே பிரசங்க நேரம் முழுவதும் போனதால், பாபிலோன் சில காலம் நிம்மதியாக இருந்தது.

மாடியிலேயே தங்கிய பக்கத்தில் நாங்கள் இருந்தோம். அங்கே பொறுப்புக்கு வந்த புது மூப்பர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, நல்ல செய்தி சொல்கிறவரின் முகத்தோடு, "பழைய மூப்பர் காலத்துல எடுத்த தீர்மானம் எதுவும் செல்லாதுன்னு சபை முடிவு பண்ணிருக்கு, சகோதரி. உங்கள விலக்கி வச்சதும் செல்லாது" என்றார்.

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அப்போ நான் எழுந்து சொன்னதும் செல்லாதுதானே ஐயா?" என்று கேட்டாள்.

"ஆமா. அப்படித்தான் வரும்."

"அப்போ அன்னிக்கு வந்தது கர்த்தர்தானா?"

புது மூப்பர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். "அது எப்படி சகோதரி, அது கத்தோலிக்கக் கோயில் ஆச்சே. உங்கள விலக்கினதுதான் தப்பு. விலக்கின காரணம் தப்பில்ல" என்றார். அம்மா டீ போடப் போனாள். இவர் குடித்தார், இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார்.

அதன்பிறகு சின்னக் கிண்ணக்காரர்களும் உடைந்தார்கள். எதற்கு என்று எனக்கு ஞாபகமில்லை, அவர்களுக்கும் இருக்காது. அப்பா கடைசிவரை அதில் ஏதோ ஒரு துண்டோடு ஒட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாடிவிட்டு வந்தார். குடிக்கவில்லை, அதுவும் கடைசிவரை. அவர் இறந்தபோது ஒரு துண்டு காலையில் வந்தது. இன்னொரு துண்டு, அவர்கள் போய்விட்டார்களா என்று தெருமுனையில் ஆள் நிறுத்திப் பார்த்துவிட்டு மத்தியானம் வந்தது. ஒரே பந்தலில் இருவரும் ஜெபிக்க முடியாதாம். ஐஸ் பெட்டிக்கும் டீக்கும் அலைந்து, காலையிலிருந்து நின்று, பெட்டியை முன்னால் தூக்கியது பாபிலோன்காரரான அருள் அண்ணன்.

தேனாம்பேட்டையில் அந்தக் கட்டடமே இப்போது இல்லை. இடித்துத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். மூப்பர் தவமணி இல்லை. அவர் பக்கம் போனவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் கைதட்டும் சபைகளில், மீதிப் பேர் எந்தச் சபையிலும் இல்லை. பெயர் வைக்காததால் எதை இழந்தோம் என்று சொல்லக்கூட அவர்களுக்குச் சொல் இல்லை. இதில் எதற்கும் எனக்கு வருத்தமில்லை. முன்பே போயிருக்கலாம்.

அம்மா இப்போது பாலவாக்கத்தில் என்னோடு இருக்கிறாள். எந்தச் சபைக்கும் போவதில்லை. போன மாதம் பெரியம்மாவின் நினைவுப் பூசைக்கு வரச்சொல்லி அருள் அண்ணன் போன் செய்தார். வழக்கம்போல் அம்மா வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். ஆனால் காலையிலேயே குளித்து, புடவை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் கழித்து அதே கோயிலுக்குள் போனோம். இப்போது இருக்கும் சாமியார், ஓர் இளைஞர், மைக்கில் பெரியம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி நின்றாள்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். இத்தனை காலம் கேட்கத் துணியாததை, அடையாறு பாலத்தில் டிராஃபிக்கில் நின்றபோது கேட்டுவிட்டேன்: "அம்மா, அன்னிக்குப் பெரியம்மா அடக்கத்துல உனக்கு எப்படி இருந்தது? கர்த்தர் வந்து நின்னாருன்னியே."

அம்மா வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் ஞாபகம் கீது" என்றாள். "அக்காவுக்குக் கட்டியிருந்த நீலப் பொடவ ஞாபகம் கீது. நீ எச்சி முழுங்கிக்கினு நின்னது ஞாபகம் கீது. அது மட்டும் ஞாபகம் இல்ல. எப்படி இருந்திச்சுன்னு எவ்ளோ நெனச்சாலும் வரல. ஒரு தடவ வாயால இல்லன்னு சொன்னேன் பாரு, அப்பவே போச்சு."

ஆட்டோ நகர்ந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்காவது வரும்னுதான் உன்கூட வந்தேன்" என்றாள்.